சாமி விளக்குக்கு ஒதுக்கிய பங்கு

எதிரிக் கோட்டையின் வாசல் கண்ணுக்குத் தெரிந்த நொடியில் மதிவதனியின் கணினி மறுபடியும் செத்துப்போனது.

திரை திக்கவில்லை, படம் உறையவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. உள்ளே சுழன்ற சின்ன விசிறிகளின் இரைச்சல் ஒரேயடியாக அடங்கியது. கறுத்த திரையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாய் பிளந்திருக்கும் தன் முகத்தையே அவள் பார்த்தாள். தலைக்கு மேல் மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்தது. இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உயிர் இல்லை.

"அய்யோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுக்களையிலிருந்து அம்மா சௌந்தரம் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏன்டி இப்படிக் கத்துற? பக்கத்து வீட்டுல என்ன நெனப்பாக?"

"மறுபடியும் ஆஃப் ஆயிருச்சும்மா."

"இம்புட்டுத்தானா? நான் என்னமோ ஏதோன்னு வந்தேன்."

அம்மாவுக்கு அது இம்புட்டுத்தான். மதிக்கு அப்படி இல்லை. பார்த்த வேலையை விட்டுவிட்டு, "ஒரே ஒரு வருசம் குடும்மா, மாநில அணியில இடம் பிடிச்சுக் காட்டுறேன்" என்று கெஞ்சி வாங்கிய வருடம் இது. அது முடியப்போகிறது. ஐந்து பேர் கொண்ட அணியில் கோட்டைக் கதவை உடைக்கிற வேலை அவளுடையது. அவள் பாதியில் மறைந்தால் மற்ற நால்வரும் வெட்டவெளியில் நிற்பார்கள்.

தூத்துக்குடியிலிருந்து அணித்தலைவன் ஜெபராஜ் கூப்பிட்டான். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மதி, நாளைக்குச் சாயங்காலம் கடைசி மேட்ச். நீ நடுவுல போயிட்டா நாங்க நாலு பேரும் சேர்ந்து போயிருவோம். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, வேற ஆளைப் போட்டுக்கிடுதேன்."

"இல்ல ஜெபா. நாளைக்குள்ள சரி பண்ணிருவேன்."

"சரி. பதிவு பண்ண வீட்டுல இருந்துதான் விளையாடணும், மறந்துராத. கடையில போய் உக்காந்துராத."

மறுநாள் காலையிலேயே ரியாஸ் வந்துவிட்டான். மதியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒத்தக்கடையில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான்.

"விளையாடும்போது மட்டும்தான நிக்குது? படம் பாத்தா நிக்கலையே?"

"படம் பாத்தா விடிய விடிய ஓடும்டா."

"அப்ப சூடா இருக்கணும், இல்ல கரண்ட் பத்தாம இருக்கணும். விளையாட்டு ஓடுறப்ப இது மாடு மாதிரி தின்னும்."

சூட்டைத் தணிக்கும் பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினான். நினைவகத் துண்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடையிலிருந்து கொண்டுவந்த புதிய பவர் சப்ளையைப் பொருத்தி, கணினியை மூச்சுமுட்ட வேலை வாங்கும் ஒரு சோதனையை ஓட விட்டான். சூடு ஏறவே இல்லை. "குளுகுளுன்னு இருக்கு பாரு" என்று அவன் பெருமையாகச் சொல்லி வாய் மூடுவதற்குள் கணினி அணைந்தது.

"போச்சுடா!" என்றாள் மதி.

ரியாஸ் தலையைச் சொறிந்தான். "போன வாரம் என் கடையில நாள் பூரா ஓடுச்சு. மூச்சு விடலையே. இங்க வந்தா மட்டும் என்ன? அது கெடக்கட்டும், வெள்ளிக்கிழமை நீ ஒரு மேட்ச் ஆடுனியே, ஊரே பேசுச்சே, அதுல ஒரு தடவைகூட நிக்கல. அது ஏன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு சாமி கண்ணத் தொறந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க."

அவன் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் ஒரு மீட்டரைச் செருகினான். சோதனையை மறுபடி ஓட விட்டான். இருவரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் கணினி அணைந்தது. மீட்டரும் அணைந்தது. மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில் மீட்டர் மட்டும் மறுபடி ஒளிர்ந்தது.

"பாத்தியா?" என்று ரியாஸ் மெதுவாகச் சொன்னான். "நோவு கம்ப்யூட்டர்ல இல்ல. சுவத்துல இருக்கு. இந்த ஒரு பாயிண்டை யாரோ புடுங்கிப் புடுங்கி விடுறாக. உங்க பங்காளியத்தான் போய்க் கேக்கணும்."

பங்காளி என்று அந்தக் குடியிருப்பில் எல்லோரும் சொன்னது ஓர் இயந்திரத்தை. வெயில் காலம் பாதி வருடத்தை விழுங்கிவிட்ட பிறகு, வெளியிலிருந்து வரும் மின்சாரம் யாருக்கும் போதவில்லை. வீட்டுக்கு வீடு பேட்டரி வைத்துக்கொண்டு ஆங்காங்கே தீப்பிடித்ததால் அதையும் தடை செய்துவிட்டார்கள். கட்டடத்துக்கு ஒரே ஒரு பெரிய சேமிப்பு, அதைப் பங்கு போட ஓர் அறிவுள்ள பெட்டி. இரண்டிரண்டு வீடுகளுக்கு ஒரு பங்கு. பங்கு நிறைந்துவிட்டால் எதை முதலில் நிறுத்துவது என்பதைக் குடியிருப்போர் சங்கம் கூடி, கை தூக்கி, முடிவு செய்து அதற்குச் சொல்லியிருந்தது. அது யாருக்கும் பயப்படாது, யாரிடமும் சலுகை வாங்காது. சொன்ன வரிசைப்படி நடக்கும்.

தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பெட்டி. சௌந்தரமும் கூடவே இறங்கி வந்தாள்.

"பங்காளி, எங்க வீட்டு கம்ப்யூட்டர் பாயிண்டை எதுக்கு நிறுத்துற?" என்று கேட்டாள் மதி.

"வணக்கம்" என்றது பெட்டி. அதன் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். "உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேர்ந்த பங்கு நிறையும்போது, வரிசையில் கடைசியாக உள்ளதை நிறுத்துகிறேன். உங்கள் கணினி பொழுதுபோக்கு. அது கடைசி."

"நிறையுற அளவுக்கு இழுக்குறது யாரு?"

"பக்கத்து வீடு. பூஜை அறை பிளக் பாயிண்ட்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூஜை ரூமா? சாமி வெளக்கு எம்புட்டு இழுத்துரும்?" என்றான் ரியாஸ்.

"இப்போது அது ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி எடுக்கும் அளவைவிட அதிகமாக எடுக்கிறது. என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. எந்த இடம் என்பது மட்டுமே தெரியும். பூஜை அறை விளக்கு எந்த நேரத்திலும் அணையக் கூடாது என்பது சங்கத்தின் முடிவு. மருத்துவக் கருவிகளுக்கு அடுத்த இடம் அதற்கு. அளவு எதுவும் விதிக்கப்படவில்லை."

அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியவள் சௌந்தரம்தான். ஒரு நாள் மின்சாரம் போய் சாமி இருட்டில் இருந்தது என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவள் அவள். சின்ன விளக்குதானே என்று யாரும் அளவு வைக்கவில்லை. அவள் முகம் இப்போது சிவந்துவிட்டது.

"ஆத்தாடி! சாமி பேரச் சொல்லி கரண்டு திருடுறாகளா? அந்தச் சொர்ணம் பொண்ணு வாயே தொறக்காதே, அதுவா இப்படி?"

"கூலர் வச்சு ஓட்டுவாங்கம்மா. இந்த வெயிலுக்கு யாரு விடுவா? என் வருசமே போகுது, அவங்க காத்து வாங்குறாங்க" என்றாள் மதி.

பக்கத்து வீடும் சௌந்தரத்தினுடையதுதான். வாடகைக்கு விட்டிருந்தாள். சொர்ணமும் அவள் கணவனும் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் வெளியூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். அவனை வந்த நாளில் பார்த்ததோடு சரி.

"போய் ஒரு வார்த்தை கேட்டுருவோமா?" என்றான் ரியாஸ்.

அவன் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கலாம். பத்தடி நடந்து ஒரு கதவைத் தட்டுவது பெரிய காரியம் இல்லை. ஆனால் கோபத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பத்தடி வெகு தூரம்.

"கேட்டா இல்லைன்னுதான சொல்லுவாக? எதுக்குச் சண்டை? பங்காளி, நான் அந்த வீட்டுக்காரி. அந்த சாமி ரூமுக்கு ஒரு வெளக்குக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு மட்டும் குடு" என்றாள் சௌந்தரம்.

"உரிமையாளர் குரல் சரிபார்க்கப்பட்டது. மணிக்கு ஒருமுறை பங்கு பிரிப்பேன். அணையக் கூடாத இடத்தில் ஓடும் பொருளை நடுவில் நிறுத்த மாட்டேன். அது அடுத்த முறை நின்று ஓடும்போது புதிய அளவு நடைமுறைக்கு வரும். சரியா?"

"சரி."

சாயங்காலம் போட்டி தொடங்கியது. மதி குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினாள். ரியாஸ் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சுற்று போனது. நிற்கவில்லை. இரண்டாம் சுற்று போனது. மீட்டர் அசையவில்லை. மதியின் விரல்களுக்குப் பழைய துணிச்சல் திரும்பியது.

"மதி, நீதான் போற, நாங்க பின்னாடி நிக்கோம்" என்று காதுக்குள் ஜெபராஜ் கத்தினான்.

கோட்டை வாசல் தெரிந்தது. முதல் கதவு உடைந்தது. உள்கதவில் பாதி போய்விட்டது. இன்னும் கொஞ்சம்தான்.

அப்போது யாரோ அவள் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்கள். அம்மா. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"மதி, சுவத்துல யாரோ முட்டுறாகடி. பக்கத்து வீட்டுல. அந்தப் பொண்ணு அலறுது."

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. உள்ளங்கையால் சுவரை அறையும் சத்தம். அதோடு ஒரு பெண்ணின் குரல். "அக்கா! அக்கா! கரண்டு இல்லக்கா!"

ரியாஸ் எழுந்து ஓடினான். மதி தன்னை அறியாமல் பின்னால் ஓடினாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே வீடு முழுக்க வெளிச்சமாகத்தான் இருந்தது. விசிறி ஓடியது. பூஜை அறை மட்டும் இருட்டாக இருந்தது.

அந்த அறையில் கூலர் இல்லை. சாமி படங்களையெல்லாம் உயரத்தில், கூரையை ஒட்டி மாட்டியிருந்தார்கள். கீழே, விளக்கு வைக்கிற இடத்தில், அறைக்கு அளவெடுத்ததுபோல் ஒரு கட்டில். அதில் ஒரு மனிதன் உட்கார்ந்த வாக்கில் சரிந்து கிடந்தான். மார்பு எலும்புகள் ஏறி ஏறி இறங்கின. ஆனால் காற்று உள்ளே போவதாகத் தெரியவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது. முகத்தில் மாட்டியிருந்த குழாய் காலடியில் இருந்த ஒரு வெள்ளை இயந்திரத்துக்குப் போனது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். அதன் கம்பி சாமி விளக்குப் பாயிண்டில் செருகியிருந்தது.

இயந்திரம் ஓடவில்லை.

சொர்ணம் தன் முந்தானையால் அவன் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "இப்ப கொறச்சு வச்சுத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா. தொடைக்க ஒரு நிமிசம் நிறுத்துனேன். திருப்பிப் போட்டா வரமாட்டேங்குது. இந்தப் பாயிண்டு நிக்காதுன்னு சொன்னாகளேக்கா! இது சாமி பாயிண்டுக்கா!"

சௌந்தரம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.  

"இதுல பேட்டரி இல்லையா?" என்று ரியாஸ் கத்தினான்.

"அது செத்து ரொம்ப நாளாச்சு தம்பி."

"பங்காளி! பழையபடி குடு! சாமி ரூமுக்குப் பழையபடி குடு!" என்று சௌந்தரம் வீட்டுக்கு வீடு கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பங்காளியின் ஒலிபெருக்கியைப் பார்த்து அலறினாள்.

"உரிமையாளர் குரல் சரிபார்க்கப்பட்டது. கூடுதல் பங்கு அடுத்த மணிக்கு வழங்கப்படும்" என்றது பெட்டி, அதே மரியாதையான குரலில்.

"அடுப்படி பாயிண்டுல போடு!" என்றாள் மதி.

"இந்த மணிக்குள்ள பங்கு முழுக்க உன் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கியாச்சு மதி" என்றான் ரியாஸ். " வேற எதுல போட்டாலும் நின்னுரும்."

மதி தன் வீட்டுக்கு ஓடினாள். திரையில் உள்கதவு விரிசல் விட்டு நின்றிருந்தது. அம்மா பிடுங்கிப் போட்ட ஹெட்போனுக்குள்ளிருந்து கொசுபோல ஜெபராஜின் குரல் கேட்டது. "மதி, அடி! மதி, எங்க போன? ஒரு அடிதான்!"

மதி மேசைக்குக் கீழே குனிந்து, கணினியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

விசிறிகள் அடங்கின. திரை கறுத்தது. இத்தனை நாளும் எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அது நடந்தபோது அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. ரியாஸ் தன் கடைப் பையிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயரை உருவிக்கொண்டு வந்தான். ஒரு முனையை அவள் செருகினாள். மறுமுனையை அவன் கூடம் தாண்டி, வாசல் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினான்.

இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

அந்த மனிதனின் உதட்டிலிருந்து நீலம் மெல்ல வடிந்தது. சௌந்தரம் கட்டிலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸ் பெண் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, ஏறுது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சு" என்றாள்.

அவன் பெயர் சோணைமுத்து. கிரானைட் பட்டறையில் கல் அறுத்தவன். அறுத்த கல்லின் தூள் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வெளியூர் போகவே இல்லை. வந்த நாளிலிருந்து இந்த அறையில்தான் இருந்தான்.

"ஏன் தாயி சொல்லல?" என்றாள் சௌந்தரம். குரல் உடைந்திருந்தது. "நோயாளி இருக்காகன்னு ஒரு வார்த்தை சொன்னா பங்காளியே மொத இடம் குடுத்துருக்குமே. ஏன் மறைச்ச?"

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வீடு பாக்க வந்த அன்னைக்கு நீங்க மொத கேள்வியே அதான்க்கா கேட்டீக. சீக்காளி யாரும் இல்லையேன்னு. முன்னாடி இருந்தவுக வீட்டுல ஒரு சாவு விழுந்துருச்சு, அப்புறம் ஒரு வருசம் யாருமே குடிவரலன்னு சொன்னீக. நாங்க அதுக்கு முன்ன ஏறி எறங்குன வீட்டுலயும் அதேதான் கேட்டாக. மருத்துவம்னு பதிஞ்சா லிஃப்ட்டு பக்கத்துல பலகையில எழுதிக் காட்டும்ல? அதான் சாமி பாயிண்டுல போட்டோம். தப்புத்தான்க்கா. சாமி மன்னிச்சுக்கும்னு நெனச்சோம்."

சௌந்தரம் மேலே மாட்டியிருந்த படங்களை நிமிர்ந்து பார்த்தாள். ஆயுசு முழுக்கக் கும்பிட்ட முகங்கள். இப்போது அவற்றை நேராகப் பார்க்க முடியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியபடியே பேசினாள்.

"பங்காளி, எழுதிக்க. என் வீட்டுல ஒரு சீக்காளி இருக்காரு. மருத்துவம்."

"பதிவு செய்கிறேன். கருவி எந்த அறையில் வைக்கப்படும்?"

சொர்ணம் பதறி எழுந்தாள். "நாங்க கட்டிலைக் கூடத்துக்கு மாத்திக்கிறோம்க்கா..."

"பூஜை ரூமுதான். அங்கேயே இருக்கட்டும். இனி அந்த ரூமு அவருக்குத்தான்" என்றாள் சௌந்தரம்.

அதுவரை ஒரு மூலையில் நின்றிருந்த மதியைக் கட்டிலில் இருந்தவன் பார்த்தான். கை விரலை அசைத்துக் கூப்பிட்டான். அவள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். குழாய்க்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"நீதானம்மா... விளாடுற புள்ள?"

அவள் தலையாட்டினாள்.

"இன்னைக்கு... ஜெயிச்சியா?"

 அவன் கண்கள் அவள் முகத்திலிருந்து தரையில் நீண்டு கிடந்த வயரின் மேல் மெல்ல ஊர்ந்து, வாசல்வரை போய், திரும்பி வந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லியிருந்தா... வெள்ளிக்கிழமை மாதிரியே... நிறுத்தியிருப்பேனே."

"எதை நிறுத்தியிருப்பீங்க?" என்றாள் மதி.  ரியாஸ் நிமிர்ந்து பார்த்தான்.

சொர்ணம்தான் பதில் சொன்னாள். "மிஷினை ஏத்தி வச்சா அங்கிட்டு நீ அய்யோன்னு கத்துவ. ரெண்டு மூணு தடவை பாத்துட்டு, நம்மளாலதான் அந்தப் புள்ள வெளையாட்டு கெடுதுன்னு இவுக கண்டுபிடிச்சிட்டாக. வெள்ளிக்கிழமை நீ சந்தோசமா சத்தம் போட்டு விளாண்டியா, அந்தச் சத்தம் சுவத்துல கேக்கக் கேக்க, 'புள்ள நல்லா ஆடுது, செத்த நிறுத்து, முடிச்சிரட்டும்'னு மிஷினை நிறுத்த வச்சுட்டாக. நான் எம்புட்டோ சொன்னேன். கையக் காட்டிக் காட்டி இருக்கச் சொல்லிட்டு, தலகாணியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. நீ ஜெயிச்சுக் கைதட்டுனப்புறம்தான் போட விட்டாக."

அன்று ஊரே பேசிய ஆட்டம் அது. சாமி கண் திறந்தது என்று அம்மா சொன்ன ஆட்டம்.

மதி அப்படியே நின்றாள். கட்டிலில் இருந்தவன் அவள் திகைப்பைப் பார்த்து, அவள் தோற்றதற்காக வருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. தேற்றுவதற்காகச் சிரிக்க முயன்றான்.

"விடும்மா. அடுத்த தடவை... சுவத்துல ஒரு தட்டுத் தட்டு. நான் நிறுத்திக்கிறேன்."

கீழே ஆம்புலன்ஸ் வரும் சத்தம் கேட்டது. மதி வயரைப் பின்பற்றித் தன் வீட்டுக்குப் போனாள். மேசைக்கு அடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நன்றாகவே செருகியிருந்த அந்த பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரியாஸ் வந்து தோளைத் தொடும்வரை அவள் கையை எடுக்கவில்லை.